வடக்கு-தெற்கு ஹைவே கேக்கப் போறீங்களா? கோடு போடாதீங்க, லோடு எண்ணுங்க

கிராமப்புறம் வழியா வடக்கு தெற்கா ஒரு பெரிய ஹைவே வேணும்னு கேக்குறவங்க பெரும்பாலும் செய்ற முதல் வேலை, மேப்பை விரிச்சு வச்சு ஸ்கேலை எடுத்து மேலேர்ந்து கீழ ஒரு கோடு இழுக்குறது. கோடு பாக்க அழகா இருக்கும், கூட்டத்துல கைதட்டும் விழும், ஆனா ஃபைலைக் கையில வாங்குற இன்ஜினியர் "ஒரு நாளைக்கு எத்தனை வண்டி போகுது"ன்னு ஒரே ஒரு கேள்வி கேப்பார், கேஸ் அங்கயே படுத்துரும். கிராமத்து ரோட்டுல வண்டி கம்மிதான், வேற என்ன இருக்கும். வண்டி இல்லைன்னு ரோடு போட மாட்டேங்குறாங்க, ரோடு இல்லைன்னு வண்டி எல்லாம் சுத்திப் போகுது. இந்த முடிச்சை எப்படி அவிழ்க்குறதுன்னுதான் எழுதப் போறேன்.

கோட்ட விட்டுட்டு லோடுலேர்ந்து ஆரம்பிங்க. ரெண்டு வாரம் ஒதுக்கி வச்சுக்கிட்டு எடைமேடை, குளிர்பதனக் கிடங்கு, தானியக் கோடவுன், டிரைவருங்க வண்டிய ஓரங்கட்டி சாப்பிடுற இடம்னு லாரி நிக்கிற இடமாப் பாத்துப் போய் உக்காருங்க. என்ன சரக்கு, எங்க ஏத்துனது, எங்க இறக்கப் போறீங்க, எந்த மாசம் இந்த ஓட்டம் ஜாஸ்தி, இப்ப எந்த வழியா போறீங்க, நேர் ரோடு இருந்தா எவ்வளவு மிச்சமாகும், திரும்பி வர்றப்ப வண்டி காலியா வருதா, அவ்வளவுதான் கேக்க வேண்டியது. கடைசிக் கேள்விய மட்டும் விட்டுராதீங்க. காலியா திரும்ப வேண்டிய லாரிக்காரர் போற வாடகையிலயே வர்ற டீசலையும் சேத்துத்தான் கேப்பார், அப்ப சரக்கு அனுப்புறவர் ஒரு பக்கத்து ஓட்டத்துக்கு ரெண்டு பக்கத்துக் காசு கட்டிக்கிட்டு இருக்கார்னு அர்த்தம். இது எந்த டிராஃபிக் சர்வேலயும் தெரியாது, டிரைவர் வாயிலதான் வரும்.

வடக்கு தெற்குங்கறதுக்கு ஒரு தனி பலம் இருக்கு, அதை நிறைய பேர் சொல்றதே இல்ல. கிழக்கு மேற்கா ஒரே அட்சரேகையில இருக்குற ரெண்டு ஊர்ல பல சமயம் ஒரே வெயில், ஒரே பருவம், ஒரே நேரத்துல அறுவடை, இவங்ககிட்ட இருக்குறதுதான் அவங்ககிட்டயும் இருக்கும் (நடுவுல மலையோ மழையோ மாறுனா கதை வேற). வடக்கு தெற்கா போகப் போக பருவம் நகருது. அமெரிக்காவோட பெரும் சமவெளியில அறுவடை மெஷின் வச்சிருக்குற குழுக்கள் மே மாசம் வாக்குல டெக்சாஸ்ல கோதுமை அறுக்க ஆரம்பிச்சு, பயிர் பழுக்கப் பழுக்க ஒக்லஹோமா, கான்சாஸ், நெப்ராஸ்கா, டகோட்டான்னு வடக்க ஏறிக்கிட்டே போவாங்க, கனடா வரைக்கும் போறவங்களும் உண்டு. மெஷினும் ஆளும் லாரியும் சேந்து ஒரு கோடை முழுக்க வடக்க நகருது. உங்க வழித்தடத்துலயும் இப்படி நகர்ற ஏதோ ஒண்ணு இருக்கும், பழமோ காய்கறியோ ஆடு மாடோ தீவனமோ, அதைக் கண்டுபிடிச்சு எந்த மாசம் எந்தத் திசையில எத்தனை லோடுன்னு ஒரு காலண்டர் மாதிரி வரைஞ்சிட்டீங்கன்னா ரிட்டர்ன் லோடு எங்க கிடைக்கும்னு அதுலயே தெரிஞ்சுரும்.

லோடு கணக்கு எவ்வளவு பலமா பேசும்னா பிரேசில்ல பிஆர்-163ன்னு ஒரு ரோடு இருக்கு, குயாபாலேர்ந்து வடக்க அமேசான் பக்கம் சான்டாரெம் வரைக்கும் போறது. 1970கள்லயே காட்டை வெட்டித் திறந்தாங்க, ஆனா பெரும்பகுதி மண் ரோடாவே கிடந்துச்சு. அந்த நாட்டுல சோயா அதிகம் விளையுற மாட்டோ க்ரோசோ மாகாணம் அந்த வழியிலதான் இருக்கு, ஆனா சரக்குல பெரும்பகுதி சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளி தெற்க இருக்குற கடல் துறைமுகத்துக்குப் போயிட்டு இருந்துச்சு. வடக்க சுமார் 1,000 கிலோமீட்டர்ல தபஜோஸ் ஆத்தங்கரையில மிரிச்சிச்சூபான்னு படகுத்துறை இருக்கு, அங்க கொண்டு போய்ட்டா படகுல ஏத்தி அமேசான் வழியா கடலுக்கு அனுப்பலாம். 2017 மழைக்காலத்துல ஆயிரக்கணக்கான லாரி அந்தச் சேத்துல நாள் கணக்கா மாட்டிக்கிட்டு நின்னுச்சு, மிரிச்சிச்சூபா வரைக்கும் தார் போட்டு முடிச்சது 2020ல. இதுல கவனிங்க, ரோடு மோசமா இருந்தும் லாரி அந்தப் பக்கம் வந்துச்சு. மோசமான ரோட்டுலயும் அடம்புடிச்சு ஓடுற சரக்கு இருந்தா அதை விட நல்ல சாட்சி கிடையாது, அதை ஃபோட்டோவோட வைங்க. இதே ரோட்டுக்கு ஒரு கறுப்புப் பக்கமும் இருக்கு, பின்னாடி வர்றேன்.

சரி, எண்ணிக்கை கம்மிங்கற கேள்விக்கு வருவோம். மொத்த வண்டி எண்ணிக்கைய முன்னாடி வைக்காதீங்க, அதுல லாரி எத்தனை சதவீதம்னு வைங்க. பெரிய ஊர் பக்கத்து ரோட்டுல கார் வெள்ளமா ஓடும், கிராமத்து வழித்தடத்துல ஓடுற கொஞ்ச வண்டியில கனரக வண்டி பங்கு நிறைய இருக்கும். அது ஏன் முக்கியம்னா 1958லேர்ந்து 1960 வரைக்கும் அமெரிக்காவுல இல்லினாய்ஸ் மாகாணத்து ஒட்டாவா பக்கத்துல லாரிய வருஷக்கணக்கா சுத்த விட்டு ஒரு பெரிய சோதனை நடத்துனாங்க, அதுலேர்ந்து வந்த கணக்குதான் இன்னிக்கும் ரோடு டிசைன் பண்றவங்க பேசுறது: ஆக்சில் எடை (ஒரு சக்கர அச்சு மேல ஏறுற எடை) கூடுனா ரோட்டுக்கு வர்ற சேதம் சுமாரா நாலாவது படியில கூடும். எடை ரெண்டு மடங்குன்னா சேதம் 16 மடங்கு, 10 மடங்குன்னா 10,000 மடங்கு. அப்ப இப்ப இருக்குற ஒத்தை ரோட்டுல லாரி ஓடிக்கிட்டே இருந்தா வருஷா வருஷம் ஒட்டுப்போடுற செலவு எவ்வளவுன்னு கணக்கு எடுங்க. "புது ரோடு போட்டா செலவு"ங்கற பேச்சு, "போடலைன்னாலும் செலவுதான், அது எவ்வளவு"ன்னு மாறும்.

அப்புறம் சுத்துற தூரத்தைக் காசாக்குங்க. சும்மா ஒரு உதாரணத்துக்கு, நாளைக்கு 800 லாரி 90 கிலோமீட்டர் வீதம் சுத்திப் போகுது, வருஷத்துல 300 நாள் ஓட்டம்னு வச்சுக்கங்க. 800ஐ 90ஆல பெருக்கினா 72,000, அதை 300ஆல பெருக்கினா வருஷத்துக்கு 2 கோடியே 16 லட்சம் கிலோமீட்டர் வீண் ஓட்டம். லிட்டருக்கு 3 கிலோமீட்டர் குடுக்குற வண்டின்னா 72 லட்சம் லிட்டர் டீசல். இது டீசல் மட்டும்தான், டயர், டிரைவர் நேரம், வழியில அழுகுற சரக்கு எல்லாம் தனி. உங்க ரெண்டு வாரக் கணக்கெடுப்புல வந்த எண்ணைப் போட்டு இந்த ஒரு பாராவை எழுதுங்க, போதும், பத்து பக்கம் "வளர்ச்சி"ன்னு எழுதுறதை விட இதுக்குக் கனம் ஜாஸ்தி. அறுவடை மாசத்துல மட்டும் எண்ணிட்டு அதை 300ஆல பெருக்கிராதீங்க, அதைக் கண்டுபிடிக்க இன்ஜினியருக்கு அஞ்சு நிமிஷம் போதும், அப்புறம் நீங்க சொல்ற எதையும் நம்ப மாட்டாங்க.

செலவு-பலன் கணக்குல மாட்டிக்கிற இடம் இன்னும் ரெண்டு இருக்கு. ரோடு வந்தா நிலம் விலை ஏறும்னு அதையும் பலன்ல சேக்குறது ஒண்ணு. நிலம் ஏன் விலை ஏறுது, போக்குவரத்து நேரமும் காசும் மிச்சமாகுறதாலதானே, அந்த மிச்சத்தை ஏற்கனவே எண்ணியாச்சு, மறுபடி எண்ணினா ஒரே காசை ரெண்டு தரம் எண்ணுற மாதிரி. ரோடு போடுறப்ப இத்தனை பேருக்கு வேலைன்னு சொல்றது இன்னொண்ணு, கணக்குல பாத்தா கூலி செலவுப் பக்கம் வர்றது, பலன் பக்கம் இல்ல. மேடையில பேசுங்க, தப்பில்ல, ஃபைல்ல பலன் பக்கம் எழுதாதீங்க. அதுக்குப் பதிலா விபத்து கணக்கை எடுங்க. எதிரும் புதிருமா ஓடுற ஒத்தை ரோட்டுல லாரிய முந்தப் போய் நேருக்கு நேர் மோதுறதுதான் கிராமத்து ஹைவேயோட பெரிய சாபம், அந்த எண்ணிக்கை போலீஸ் பதிவுல இருக்கும், கேட்டு வாங்குங்க.

இன்னொரு நல்ல வாதம் வலைப்பின்னல்ல இருக்குற ஓட்டை. அமெரிக்காவுல 1956 சட்டத்துல வந்த இன்டர்ஸ்டேட் ரோடுகளுக்கு (மாகாணம் விட்டு மாகாணம் போற பெரிய ஹைவே, சுருக்கமா "ஐ") நம்பர் வச்ச விதத்துலயே திசை தெரியும், ஒத்தைப்படைன்னா வடக்கு தெற்கு, ரெட்டைப்படைன்னா கிழக்கு மேற்கு (இந்தியாவுல 2010ல மாத்துன நம்பர் முறை நேர் எதிர், அதனாலதான் ஸ்ரீநகர்-கன்னியாகுமரி ரோடு 44). அந்த மேப்பைப் பாத்தா டென்வர் பக்கம் ஐ-25, ஒக்லஹோமா சிட்டி பக்கம் ஐ-35, நடுவுல அவ்வளவு பெரிய சமவெளிக்கு டெக்சாஸ்ல லபக், அமரில்லோங்கற ரெண்டு ஊரை இணைக்குற ஐ-27னு சுமார் 200 கிலோமீட்டர் துண்டு ஒண்ணுதான் கிடக்குது. அதைத் தெற்க மெக்சிகோ எல்லையில லரேடோ வரைக்கும் வடக்க டென்வர் வரைக்கும் நீட்டணும்னு ஊர் ஊரா சேந்து கேட்டதுதான் போர்ட்ஸ்-டு-ப்ளெயின்ஸ் வழித்தடம். 1998ல அது நாட்டோட முன்னுரிமை வழித்தடப் பட்டியல்ல ஏறுச்சு. டெக்சாஸ், நியூ மெக்சிகோ பகுதி வருங்கால இன்டர்ஸ்டேட்டுன்னு சட்டத்துல ஏறினது 2022ல. நடுவுல 24 வருஷம். அதுவும் பேர் ஏறினதுதான், பேரோட காசு வரல, காசுக்கு ஒவ்வொரு துண்டுக்கும் தனியா நிக்கணும்.

இந்தக் கதைய நான் பயமுறுத்த சொல்லல, குழுவை எப்படிக் கட்டணும்னு சொல்றதுக்கு. 24 வருஷத்துல தலைவர்கள் மாறுவாங்க, கட்சி மாறும், உங்க ஊர்ல ஆர்வமா இருந்தவர் வயசாகி ஒதுங்கிருவார். அதனால தனி ஆளை நம்பாம வழியில இருக்குற ஊராட்சி, சந்தைக் கமிட்டி, விவசாயி சங்கம், லாரி சங்கம், துறைமுகத்துக்காரங்க எல்லாரையும் ஒரே அமைப்புக்குள்ள கொண்டு வந்து வருஷச் சந்தா வாங்குங்க, சின்னத் தொகைதான், ஆனா காசு குடுத்தவங்கதான் அடுத்த வருஷம் கேள்வி கேப்பாங்க. ரோடு எந்தப் பக்கம் திரும்பும்ங்கற சண்டைய ஆரம்பத்துலயே எடுக்காதீங்க, எடுத்தா ரெண்டு ஊர் ரெண்டு மனு குடுக்கும், மேல இருக்குறவங்க ரெண்டையும் ஓரமா வச்சிருவாங்க. "இந்த முனையிலேர்ந்து அந்த முனைக்கு ரோடு வேணும்"னு மட்டும் எல்லாரும் கையெழுத்துப் போடுங்க, திருப்பம் பின்னாடி.

இப்ப கசப்பான பாகம், இதை எழுதாம விட்டா நான் ஏமாத்துற மாதிரி ஆயிரும். ரோடு போனா கிராமம் தானா வளரும்ங்கறது பாதி உண்மைதான். அமெரிக்கக் கிராமப்புற இன்டர்ஸ்டேட்டுகளைப் பத்தி சந்திரா, தாம்ப்சன்னு ரெண்டு பேர் பண்ணி 2000ல வந்த ஆய்வுல, ரோடு உள்ளயே போன கவுன்ட்டிகள்ல (நம்ம மாவட்டம் மாதிரி) வருமானம் ஏறுச்சு, ஒட்டி இருந்த பக்கத்துக் கவுன்ட்டிகள்ல இறங்குச்சு. அதாவது ஒரு பகுதி வியாபாரம் புதுசா முளைக்கல, இடம் மாறுச்சு. சீனாவுல ட்ரங்க் ஹைவே (நாட்டோட முதுகெலும்பு மாதிரி முக்கிய ஹைவே) போட்டதைப் பத்தி பென்ஜமின் ஃபேபர் பண்ண ஆய்வு இன்னும் கசக்கும், பெரிய நகரங்களை இணைக்கப் போட்ட ரோடு வழியில இருந்த சின்னக் கவுன்ட்டிகள்ல, ரோடு கிடைக்காத கவுன்ட்டிகளை விடத் தொழில் வளர்ச்சி கம்மியாச்சு. ஊர்லேர்ந்து சரக்கு வெளிய போற அதே ரோட்டுலதான் நகரத்து ஃபேக்டரி சரக்கு உள்ள வருது. அந்தப் பக்கம் இந்தியாவுல டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்குற தங்க நாற்கரச் சாலை பத்தின ஆய்வுல, ரோட்டுலேர்ந்து 10 கிலோமீட்டருக்குள்ள இருந்த மாவட்டங்கள்ல ஃபேக்டரி உற்பத்தி நல்லா ஏறுச்சு, அதைத் தாண்டினா அந்த ஏத்தம் பெருசா இல்ல.

எதிராளி இதைக் கண்டுபிடிச்சு எடுத்து வைக்குறதுக்கு முன்னாடி நீங்களே எடுத்து வைங்க, அதோட கூடவே பதிலையும் வைங்க. ஹைவேலேர்ந்து இறங்குற வழி எங்க வரும், அங்கேர்ந்து உள்ள இருக்குற சந்தைக்கு இணைப்பு ரோடு எத்தனை கிலோமீட்டர், அந்த இணைப்பு ரோட்டுக்கும் இதே திட்டத்துல காசு இருக்கா. சும்மா வேலி போட்ட ஹைவே உங்க ஊரை உரசிக்கிட்டுப் போனா உங்களுக்குக் கிடைக்குறது சத்தமும் தூசியும்தான். தரம் பிரிக்குற கூடமோ குளிர்பதனக் கிடங்கோ ரோடு திறக்குறதுக்கு முன்னாடியே வரணும், இல்லைன்னா விளைச்சல் பச்சையா வெளிய போயி பாக்கெட்டா திரும்பி வரும். பைபாஸ் வந்தா பழைய கடைத்தெருவுல வண்டிய நம்பி இருந்த கடைக்காரருக்கு அடி விழும், அவங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்க, கூப்பிடலைன்னா கோர்ட்டுல சந்திப்பீங்க.

அடுத்து முனை. வழித்தடம் எவ்வளவு நல்லா இருந்தாலும் கடைசியில துறைமுக கேட்லயோ எல்லை கேட்லயோ நின்னா எல்லாம் போச்சு. கென்யாவுல இசியோலோலேர்ந்து எத்தியோப்பியா எல்லையில மொயாலே வரைக்கும் வறண்ட பூமியில சுமார் 500 கிலோமீட்டர் தார் ரோடு போட்டு முடிச்சதும் நாள் கணக்குல ஆன பயணம் சுருங்கிப் போச்சு, ஆனா ரெண்டு நாட்டு அதிகாரிங்களும் ஒரே இடத்துல பேப்பர் பாக்குற எல்லைச் சாவடிய ரெண்டு நாட்டுத் தலைவர்களும் சேந்து திறந்து வச்சது 2020 டிசம்பர்ல, ரோடு முடிஞ்சு சில வருஷம் கழிச்சு. சாம்பியா-ஜிம்பாப்வே நடுவுல சிருண்டுல 2009லயே அந்த மாதிரி ஒத்தைச் சாவடி வந்துச்சு, ஆப்பிரிக்காவுல அதுதான் முதல். ரோட்டுல மிச்சம் பிடிக்குற அஞ்சு மணி நேரத்தை, அந்த கேட்ல ரெண்டு நாள் நிக்குறது விழுங்கிரும், அதனால உங்க முனையில துறைமுகமோ எல்லையோ எதுவா இருந்தாலும் அங்க லாரி எத்தனை மணி நேரம் நிக்குதுன்னு கணக்கெடுத்து அதையும் ஒரே மனுவுல கேளுங்க. தனித்தனியா கேட்டா ரோடு ஒரு துறை, சாவடி வேற துறை, ஒண்ணுக்கொண்ணு பாத்துக்காது.

முழுசா நாலு வழி வேணும்னு அடம் பிடிக்காதீங்க. ஸ்வீடன்ல 1998ல ஈ4 ரோட்டுல ஒரு துண்டுல ஆரம்பிச்ச முறை, மூணு லேன் போட்டு நடு லேனைக் கொஞ்ச தூரம் இந்தப் பக்கத்துக்கு, கொஞ்ச தூரம் அந்தப் பக்கத்துக்குன்னு முந்துறதுக்கு மாத்தி மாத்திக் குடுத்து, எதிரெதிரா வர்ற வண்டிங்களுக்கு நடுவுல கம்பி வடத் தடுப்பு வச்சாங்க. செலவு நாலு வழிய விட எவ்வளவோ கம்மி, அந்த மாதிரி ரோடுகள்ல சாவு பாதிக்கு மேல குறைஞ்சுது. நிலத்தை மட்டும் நாலு வழிக்குத் தேவையான அகலத்துக்கு இப்பவே எடுத்து வச்சுட்டு, ரோட்டை முதல்ல இப்படிப் போட்டு, லாரி எண்ணிக்கை இவ்வளவு தாண்டுனா அகலப்படுத்தணும்னு எழுத்துல வாங்கிட்டா எண்ணிக்கை கம்மிங்கற வாதமே அடிபட்டுப் போயிரும். என் பார்வையில இங்க நான் எழுதுனதுலயே உடனே வேலைக்கு ஆகுற யோசனை இதுதான்.

தண்ணி. மேப்புல கோடு போடுறவங்க மறக்குறது. ஆறு எல்லாம் கிழக்கயோ மேற்கயோ ஓடுற நாட்டுல வடக்கு தெற்கு ரோடு ஒவ்வொரு ஆத்தையும் ஓடையையும் வாய்க்காலையும் குறுக்க வெட்டும். பாலம் நிறைய, செலவும் நிறைய, பாலத்தைக் குறைச்சா கரை அணை மாதிரி நின்னு மேல் பக்கத்து வயல்ல தண்ணி தேங்கும். எந்த இடத்துல மழைத்தண்ணி எந்தப் பக்கம் பாயும்னு பெரியவங்களைக் கூட்டிக்கிட்டு நடந்து போய் குறிச்சு வைங்க, சர்வேக்காரங்க கோடை காலத்துல வந்துட்டுப் போயிருப்பாங்க, அவங்களுக்குக் காஞ்ச ஓடை ஓடையாவே தெரியாது. ரெண்டா பிரியுற நிலத்துக்கு டிராக்டரும் மாடும் போற சுரங்கவழி எங்கெங்க வேணும்னும் இதே நடையிலயே குறிச்சுருங்க, ரோடு போட்ட பின்னாடி கேட்டா கிடைக்காது.

காடு வந்தா தள்ளிப் பேசாதீங்க. மேல சொன்ன அதே ஸ்ரீநகர்-கன்னியாகுமரி 44ஆம் நம்பர் ரோட்டுல பென்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டின துண்டு வழக்குலயே பல வருஷம் நின்னு, கடைசியில 9 இடத்துல விலங்கு கீழ போறதுக்கு வழி விட்டுக் கட்டுன பிறகுதான் நடந்துச்சு, அதுல பெருசு 750 மீட்டர் நீளம். புலி அதுல போறதை கேமராவுல பிடிச்சிருக்காங்க. முதல் வரைபடத்துலயே அது இருந்திருந்தா அந்த வருஷங்கள் மிச்சம். பிஆர்-163 பக்கம் நடந்தது வேற, அங்க ரோட்டுலேர்ந்து மீன் முள்ளு மாதிரி கிளைப்பாதை கிளம்பி காடு ரெண்டு பக்கமும் கரைஞ்சுது, மேல சொன்ன கறுப்புப் பக்கம் அதுதான். வழியில காடு இருந்தா கிளைப்பாதை எங்கெல்லாம் கூடாதுன்னு நீங்களே மனுவுல எழுதுங்க, எதிர்க்க வர்றவங்ககிட்ட உங்க மரியாதையே வேற மாதிரி இருக்கும்.

கூட்டத்துல கட்டாயம் ஒருத்தர் எழுந்து "ரயில் போட்டா போதாதா"ன்னு கேப்பார். நல்ல கேள்வி, மழுப்பாதீங்க. தானியம், நிலக்கரி, சிமென்ட் மாதிரி மொத்தமா ரொம்ப தூரம் போற சரக்குக்கு ரயில்தான் மலிவு, ஒத்துக்கங்க. இன்னிக்குப் பறிச்சு நாளைக்கு விக்க வேண்டியது, பத்து ஊர்ல கொஞ்சம் கொஞ்சமா ஏத்த வேண்டியது, காத்தாலை இறக்கை மாதிரி 60 மீட்டர் தாண்டி நீளமானதுன்னு உங்க லோடு லிஸ்ட்டுல எதெல்லாம் லாரியிலதான் போகணுமோ அதைத் தனியா பிரிச்சு ஒரு தாள்ல எழுதி வச்சிருங்க. ரெண்டு வாரம் எடைமேடையில உக்காந்திருந்தா அந்தத் தாள் தானா நிறைஞ்சிருக்கும், அதை எடுத்து அவர் கையில குடுத்துட்டு அடுத்த கேள்விக்குப் போங்க.